இருட்டுவதற்கு முன்பே

(மலையேற்ற ஆர்வலர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காட்டிலும் காட்டோரத்திலும் கூடாரம் போட்டுத் தங்கும்போது விலங்குகளிடமிருந்து எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்று பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதுமே பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "யானை எதிரே வந்து நின்றால் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. அதற்கும் பிறகு வருகிறேன். ஆனால் யானை எதிரே வந்து நின்ற பிறகு நம் கையில் இருப்பது மிகவும் கொஞ்சம். கூடாரத்தை எங்கே போட்டோம், சாப்பாட்டை எங்கே வைத்தோம், யாரை நம்பிப் போனோம் என்பதெல்லாம் மாலை ஐந்து மணிக்குள் முடிவாகிவிடுகிறது. இரவு எப்படிக் கழியும் என்பதும் அநேகமாக அப்போதே முடிவாகிவிடுகிறது.

இதை உலகம் கற்றுக்கொண்ட விதம் மிகவும் கொடியது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கிறது. 1910இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவில் 57 ஆண்டுகள் கரடி தாக்கி ஒருவர்கூட இறந்ததில்லை. 1967 ஆகஸ்ட் 13, நள்ளிரவு தாண்டிய நேரம். பல மைல் இடைவெளியில் இருந்த இரண்டு முகாம்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கரடிகள், தூங்கிக்கொண்டிருந்த இரண்டு இளம்பெண்களை இழுத்துச் சென்று கொன்றன. இருவருக்கும் 19 வயது.

ஒரே இரவில் இது எப்படி நடந்தது? கரடிகளுக்கு வெறி பிடித்ததா, மின்னல் மிரட்டியதா என்றெல்லாம் அப்போது பேசினார்கள். விசாரித்தபோது கண்ணில் பட்டது எச்சில் சோறு. ஒரு முகாமுக்குப் பக்கத்திலிருந்த விடுதியில், மிஞ்சிய உணவை இரவில் பின்பக்கம் கொட்டி, கரடிகள் வந்து தின்பதை விருந்தினருக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முகாமில், அந்தக் கோடை முழுவதும் ஒரு கரடி ஆட்களை விரட்டிவிட்டு உணவுப் பைகளைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. எல்லோருக்கும் அது தெரியும். யாரும் எதுவும் செய்யவில்லை. மனிதர் இருக்கும் இடம் என்றால் சாப்பாடு இருக்கும் இடம் என்று அந்தக் கரடிகளுக்கு மனிதர்களே பழக்கிவிட்டிருந்தார்கள்.

பக்கத்து மாநிலத்து யெல்லோஸ்டோன் பூங்காவிலும் இதே கதைதான். சாலையோரம் கார்களை நிறுத்திக் கரடிக்கு ரொட்டி ஊட்டுவது அங்கே பல்லாண்டுப் பொழுதுபோக்கு. 1931 முதல் 1969 வரை, ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயமடைந்தார்கள். 1970 வாக்கில் குப்பைமேடுகளை மூடினார்கள், ஊட்டுவதைத் தடுத்தார்கள், கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டிகளை வைத்தார்கள். இன்று அந்தக் கணக்கு ஆண்டுக்கு ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. கரடிகள் அதே கரடிகள்தான். மாறியவர்கள் மனிதர்கள்.

இதை இங்கே ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்திலும் அதே வேலை நடந்துகொண்டிருக்கிறது. வால்பாறையில் ரேஷன் கடைக் கதவையும் சத்துணவுக்கூடச் சுவரையும் யானைகள் உடைப்பது அரிசிக்கும் உப்புக்கும்தான். கேரளத்துச் சின்னக்கானல் பகுதியில் அரிசி தேடிக் கடைகளை உடைத்துப் பழகிய அரிக்கொம்பன் யானையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2023 ஏப்ரலில் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது மலையிறங்கிக் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூனில் மறுபடி மயக்க ஊசி போட்டுக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறந்து வளர்ந்த காட்டைவிட்டு ஒரு யானை இரண்டு முறை லாரியில் ஏற்றப்பட்டது. நீலகிரியில் கோயில் விளக்கெண்ணெய்க்கும் பேக்கரிப் பண்டங்களுக்கும் கரடி வருவதைப் பார்த்துக் கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். அது வேடிக்கை இல்லை. அந்தக் கரடியின் கெட்ட காலம் அங்கே தொடங்குகிறது.

ஆகவே முதல் விஷயம் உணவு. இங்கே ஓர் எச்சரிக்கை. நம் இளைஞர்கள் பலர் கூடாரம் போடுவதையே அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். உணவுப் பையைக் கயிறு கட்டி, 10 அடி உயரத்தில், அடிமரத்திலிருந்து 4 அடி தள்ளித் தொங்கவிடு என்று அதில் சொல்வார்கள். அந்த ஊர்க் கரடிக்கு அது சரி. நம் ஊர் ஆண் யானை நின்ற இடத்திலிருந்தே 15 அடிக் கிளையைத் தும்பிக்கையால் எட்டிவிடும். நம் கரடி தேனடைக்காகப் பெரிய மரத்தில் ஏறிப் பழகியது. மரத்தில் தொங்கும் பை இரண்டுக்கும் ஒரு பொருட்டே இல்லை.

யானையின் மூக்கைப் பற்றி ஒரு செய்தி. ஆப்பிரிக்க யானையின் மரபணுக்களை ஆராய்ந்த ஜப்பானிய அறிவியலாளர்கள், மணத்தை அறியும் மரபணுக்கள் அதற்கு ஏறத்தாழ 2,000 இருப்பதை 2014இல் கண்டார்கள். நாய்க்கு இருப்பதைப்போல இரண்டு மடங்கு அது. இப்படிப்பட்ட விலங்கு நடமாடும் இடத்தில் பழுத்த பலா, வாழைப்பழம், அன்னாசி, வெல்லம், உப்புப் பொட்டலம் ஆகியவற்றைக் கூடாரத்துக்குள் வைத்துத் தலைமாட்டில் படுப்பது தற்கொலைக்குச் சமம். சமையலையும் சாப்பாட்டையும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். தூங்கும் இடத்திலிருந்து தள்ளி முடியுங்கள். மிச்சத்தைக் காட்டில் கொட்டாதீர்கள், புதைக்காதீர்கள்; காட்டுப்பன்றி அதே இரவில் தோண்டிவிடும். பலமான கட்டடத்துக்குள் உணவை வைக்க வழியில்லாத இடத்தில், யானை நடமாட்டம் இருக்குமானால், இரவு தங்கவே கூடாது என்பது என் திடமான கருத்து. அகத்தியமலைக்கு மூன்று நாள் நடை போகிறவர்கள் இரவு தங்கும் அதிருமலை முகாமைச் சுற்றி, யானை வராதிருக்க வனத்துறையினர் அகழி வெட்டியிருக்கிறார்கள். அந்த வனத்துறைக்காரர்கள் அறியாததை நம் வாடகைக் கூடாரம் அறிந்துவிடப்போவதில்லை.

இரண்டாவது விஷயம் திடுக்கிடல். பசியைவிட இதுதான் நம் காடுகளில் அதிக உயிர்களை வாங்குகிறது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள மறுபடியும் வால்பாறைக்குத்தான் போக வேண்டும்.

சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. பெரும்பாலும் தேயிலைத் தோட்டம். நடுவில் தீவு தீவாகச் சோலைக்காடு. அதில் நூறு யானைகள் போல வந்து போகின்றன. எழுபதாயிரம் பேர் வாழ்கிறார்கள். அங்கே யானையால் நேர்ந்த இறப்புகளை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் இறந்தவருக்கு அந்த இடத்தில் யானை இருப்பதே தெரியாது. இருட்டில் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தவர்கள். கடைக்குப் போய்த் திரும்பியவர்கள். யானைக்கும் அவர் வருவது தெரியாது. பத்தடியில் இருவரும் ஒருவரையொருவர் கண்டார்கள். அவ்வளவுதான்.

அதற்கு அவர்கள் கண்ட வழி துப்பாக்கியோ வேலியோ இல்லை, தகவல். இன்று யானை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்று உள்ளூர் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள். 2011 முதல் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளை நட்டார்கள். பக்கத்தில் யானை நின்றால், பொறுப்பாளர் தன் கைப்பேசியிலிருந்து அழைத்தாலே அந்த விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் அந்த வழியே போகாதே. இறப்புகள் குறைந்தன. 2015இல் இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. உலகத்தின் எந்தக் காட்டுக்கும் பொருந்தக்கூடிய பாடம் இது: விலங்கு இருப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், நீங்கள் இருப்பது விலங்குக்குத் தெரிய வேண்டும்.

கூடாரம் போடப் போகிறவர் இதை எப்படிக் கடைப்பிடிப்பது? இடம் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். நமக்குப் பிடித்த இடம் எது? சமதளம், பக்கத்தில் ஓடை, கொஞ்சம் புல், வந்துபோக அகலமான தடம். யானைக்கும் அதேதான் பிடிக்கும். அந்த அகலமான தடத்தைப் போட்டதே யானைதான். இரண்டு குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் இடுக்கு வழி, நீர்க்குட்டையின் கரை, மூங்கில் புதர், வறண்ட ஓடைப் படுகை ஆகிய நான்கிலும் படுக்காதீர்கள்.

பிறகு தரையைப் பாருங்கள். காணி, காடர் பழங்குடியினர் உங்களுடன் வந்தால், பையை இறக்குவதற்கு முன்பே சுற்றி ஒரு நடை போய்வருவார்கள். யானை லத்தி கிடந்தால் குனிந்து புறங்கையை அதன்மேல் வைப்பார்கள். சூடு இருந்தால் யானை இன்னும் தொலைவுக்குப் போகவில்லை. மேல்பரப்பு பளபளவென்று ஈரமாக இருந்தால் ஒரு சில மணி நேரம். வெளியே காய்ந்து, காலால் பிளந்தால் உள்ளே ஈரம் என்றால் நேற்று. காளான் முளைத்திருந்தால் பழையது. பிறகு அடிச்சுவடு. முன்னங்கால் வட்டமாகவும் பின்னங்கால் சற்று நீளமாகவும் பதியும். முன்னங்கால் சுவட்டைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அதை இரண்டு மடங்காக்கினால், யானையின் தோள் உயரம் ஏறத்தாழ வந்துவிடும். சிறிய சுவடும் பெரிய சுவடும் கலந்து கிடந்தால் குட்டியோடு கூட்டம். பெரிய சுவடு மட்டும் தனியாகப் போயிருந்தால் ஒற்றை ஆண். உரித்த மரப்பட்டையில் இன்னும் பால் வடிகிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். கடைசியாக ஒரு சிட்டிகை சாம்பலையோ புழுதியையோ விரலிடுக்கால் விட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்கள். நம் வாசம் முன்னே போனால் யானை தானே விலகிக்கொள்ளும். காற்று எதிரிலிருந்து வந்தால் நாம் வருவது அதற்குத் தெரியாது. அப்போதுதான் அதிகக் கவனம் வேண்டும்.

இந்த அறிவை எந்தச் செயலியும் இன்றுவரை தரவில்லை. வேட்டைத் தடுப்புக் காவலர்களாகக் குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் பழங்குடி இளைஞர்களிடம்தான் அது இருக்கிறது. அவர்களைச் சுமை தூக்கவும் சமைக்கவும் மட்டும் அழைத்துப்போகும் பழக்கம் மாற வேண்டும். அவர்கள் "இங்கே வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். அதற்குமேல் விவாதம் கூடாது.

நடக்கும்போது சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நடங்கள். அது போதும். ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். விலங்குகளுக்குத் தொல்லை என்பது ஒருபுறம். உங்கள் காது அடைந்துபோகிறது என்பது மறுபுறம். யானையின் கால் மெத்தென்றது. அது நடந்து வரும் சத்தம் கேட்காது. கிளை முறியும் ஓசை, காது மடல் உடம்பில் தட்டும் ஓசை, வயிற்றின் உறுமல் ஆகியவைதான் கேட்கும். பாட்டு ஓடினால் அவையும் கேட்காது.

இரவில் கூடாரத்தைவிட்டு வெளியே வர நேர்ந்தால், ஜிப்பைத் திறக்குமுன் ஒரு நிமிடம் சும்மா இருந்து கேளுங்கள். பிறகு டார்ச்சை நாலாபக்கமும் சுற்றிப் பாருங்கள். இரண்டு பேராகப் போங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, காட்டோரக் கூடார விடுதி ஒன்றில் தங்கியிருந்த ஒரு பெண்ணை இரவில் யானை தாக்கிக் கொன்றது. சிறுநீர் கழிக்க எழுவது, கை கழுவப் போவது போன்ற சிறிய வேலைகளில்தான் இரவில் ஆபத்து நேர்கிறது. விடுதி நடத்துகிறவர் கழிப்பறையைப் படுக்குமிடத்துக்கு ஒட்டிக் கட்டவில்லையென்றால், அவருக்குக் காட்டைப் பற்றிக் கவலையில்லை என்று பொருள்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்விக்கு வருகிறேன். யானையைத் தொலைவில் கண்டால் நில்லுங்கள். வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். படம் வேண்டாம், பிளாஷ் வேண்டவே வேண்டாம். காதை ஆட்டிக்கொண்டு மேயும் யானை அமைதியாக இருக்கிறது. மேய்ச்சலை நிறுத்தி, காதை விறைப்பாக விரித்து, வாலைத் தூக்கினால் உங்களைக் கவனித்துவிட்டது. கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானையிடமும் குட்டி வைத்திருக்கும் தாயிடமும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். பல நேரம் அது பயமுறுத்தப் பாய்ந்துவிட்டு நின்றுவிடும். ஆனால் எது மிரட்டல், எது தாக்குதல் என்று நீங்கள் நின்று ஆராயக் கூடாது. தாய்லாந்து யானைகளை அளந்து 2003இல் வெளிவந்த ஆய்வு, அவை மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்றது. புதரிலும் கல்லிலும் நம்மால் அந்த வேகம் ஓட முடியாது. பையையோ துணியையோ கீழே போட்டுவிட்டு, பெரிய பாறைக்கோ பருத்த மரத்துக்கோ பின்னால் போய்விடுங்கள்.

கரடி வேறு மாதிரி. கறையான் புற்றில் முகத்தைப் புதைத்துத் தோண்டும்போது அதற்கு வெளியுலகமே தெரியாது. அதனால்தான் திடுக்கிட்டு நேரே முகத்தைத் தாக்குகிறது. அதன் பிடியில் அகப்பட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். சிறுத்தைக்கு முன் ஓடக் கூடாது, குனியக் கூடாது. அந்தி நேரத்தில் குழந்தைகளை நடுவில் விட்டு நடக்க வேண்டும். கொடைக்கானலிலும் குன்னூரிலும் தெருவில் மேயும் காட்டுமாட்டைப் பார்த்துப் பழகிவிட்டதால் பலருக்கு அதனிடம் பயம் விட்டுப்போயிற்று. ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடைவரை வளரும் விலங்கு அது. அருகில் போய்த் தற்படம் எடுப்பது மடமை.

பெரிய விலங்குகளைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் தரையில் படுக்கிறவரை நினைத்தால் என்னை அதிகம் அஞ்சவைப்பது கட்டுவிரியன் பாம்புதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். கட்டுவிரியன் இரவில் திரியும். தரையில் தூங்குகிறவரின் பக்கத்தில் வந்து, அவர் புரளும்போது கடிக்கும். கொசு கடித்ததைப் போலக்கூட வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுவார். நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு திணறும். முகாமில் ஒருவர் காலையில் வயிற்று வலி என்று சொல்லி, அவருடைய இமைகள் தாமாகவே மூடிக்கொண்டால், கடிவாய் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தடுப்பது எளிது. அடிப்பாகமும் சேர்த்துத் தைத்த கூடாரம், எப்போதும் மூடிய ஜிப். திறந்த கொட்டகையில் படுத்தால், விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிய கொசுவலை. நேபாளத் தராய்ப் பகுதியில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, கொசுவலைக்குள் தூங்கியவர்களைப் பாம்பு கடிப்பது வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. காலணியைக் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கைக்கடிகாரம், கொலுசைக் கழற்றுங்கள்; கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, அவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. நம்மிடம் உள்ள நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே தயாராவது. அதற்கான நஞ்சைச் சேகரித்துத் தருவதில் 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மக்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் சிறியதல்ல.

இன்னொன்று: காட்டிலிருந்து திரும்பிப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால், "காட்டுக்குப் போயிருந்தேன்" என்று மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். சிறு பூச்சிக்கடியால் வரும் ஸ்கரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். உடம்பில் எங்காவது கருகிய சிறு பொருக்கு இருக்கலாம். நேரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையில் குணமாகிவிடும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கியது. பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடு, பகலில் போய் வரலாம். இரவில் இருந்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு வனத்துறையின் ஓய்வில்லங்கள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. நீங்கள் அங்கே இறந்தால், ஒன்றும் அறியாத அந்த விலங்கைத்தான் ஊர் ஆட்கொல்லி என்று சொல்லி விரட்டும்.

இங்கே வந்திருக்கும் இளைஞர்களிடமும் பெற்றோர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் யாராவது "காட்டுக்குள் கூடாரம், நிலா வெளிச்சம், தலைக்கு இவ்வளவு" என்று விளம்பரம் செய்தால், பணம் கட்டுமுன் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வனத்துறை அனுமதி எழுத்தில் இருக்கிறதா? இந்த வாரம் யானை எங்கே நின்றது என்று அறிந்த உள்ளூர்க்காரர் யார் கூட வருகிறார்? பாம்புக்கடி மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் போகாதீர்கள். முன்பணம் கட்டிவிட்டிருந்தாலும் போகாதீர்கள்.